எரிநெய் வரி: பெயர் மாறியது, பங்கு மறைந்தது

எரிநெய் விலை ஏறும்பொழுதெல்லாம் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் ஒரே கூத்துத் திரும்பத் திரும்ப ஆடப்படுகிறது. 'நடுவணரசின் தீர்வையே கரணியம்' என்று ஒரு சாரார் முழங்குவர். 'மாநில அரசு தன் வரியை முதலில் குறைக்கட்டும்' என்று மற்றொரு சாரார் எதிர்முழக்கமிடுவர். ஆட்சி மாறினால் முழக்கங்கள் இடம் மாறும். விலை மட்டும் இறங்குவதில்லை. இரு சாரார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு என்பதே இக்கூத்தின் வலிமை. ஆயின் அவ்விரு முழக்கங்களுக்கும் நடுவே கேளாமலே போகும் வினா ஒன்றுண்டு. தமிழர் தம் வண்டிக்கு நிரப்பும் ஒவ்வோர் இலிட்டர் நெய்யின் மேலும் தில்லி தண்டும் தீர்வையில், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருவது எவ்வளவு? அதனை முடிவு செய்யும் உரிமை யார் கையில் இருக்கிறது?

முதற்கண் பெயர் விளக்கம். பெட்ரோல் எனக் கடைத்தெரு வழங்குவதைக் கன்னெய் என்பர் தமிழறிந்தோர். கல்லினின்று பெறும் நெய் கன்னெய். பெட்ரோலியம் என்னும் அயற்சொல்லுக்கும் பாறைநெய் என்பதே பொருள். தீசல் என்பதோ, அப்பொறியைக் கண்ட செருமானிய அறிஞர் உருடோல்பு தீசலின் பெயர். ஆட்பெயரை மொழிபெயர்த்தல் மரபன்று. தமிழொலிக்கு ஏற்பத் திரித்து வழங்குதலே முறை. பெயரைப் பற்றி இங்குப் பேசுவது வீண் ஆரவாரம் அன்று. எரிநெய் வரியில் நடந்துள்ள சூழ்ச்சி முழுவதும் ஒரு பெயர்மாற்றத்திலேயே அடங்கியுள்ளது என்பது பின்னர்த் தெளிவாகும்.

சேலம், நாமக்கல் சமவெளியைப்போல் எரிநெய் விலைக்கு முதுகு காட்டி நிற்கும் நிலப்பகுதி தமிழ்நாட்டில் வேறில்லை. மழை பொய்த்த புன்செய் நிலத்தார், ஏரைவிட்டு உருளையை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட மண் இது. நாமக்கல்லிற் சரக்குந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் தெருத்தெருவாக உள்ளன. தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் அவற்றால் வாழ்கின்றனர். திருச்செங்கோட்டின் ஆழ்துளைப் பொறியுந்துகள், மக்கள் வாய்மொழியில் ரிக்கு வண்டிகள், இந்தியாவின் பல மாநிலங்களிலும் நீர் தேடி நிலத்தைத் துளைக்கின்றன. சங்ககிரியிற் சரக்குந்து இல்லாத தெருவைக் காண்டல் அரிது. தென்மாநிலங்களின் அடுப்புகளுக்கு எரிவளி சுமந்து செல்லும் தொட்டியுந்துகளில் பெரும்பங்கு நாமக்கல்லைச் சார்ந்தவை. கோழிப்பண்ணைக்கு வேண்டும் மக்காச்சோளம் வெளிமாநிலங்களிலிருந்து வண்டியில் வருகிறது. முட்டை வண்டியிற் போகிறது. சேலத்துக் குச்சிக்கிழங்கு சவ்வரிசியாகி மராட்டியத்துக்கும் வங்கத்துக்கும் போவதும் வண்டியிலேதான்.

ஆகவே தீசல் விலை ஓர் உருபா ஏறினால், இங்கு ஏறுவது ஒன்றன்று. கிழங்கு விளைத்தவனுக்குக் கிடைக்கும் விலை குறைகிறது. முட்டை வாங்குபவன் கொடுக்கும் விலை கூடுகிறது. இடையே வண்டி ஓட்டுபவனுக்கு நடை முடிந்து வீடு திரும்புகையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றாகிறது. வாடகை பேசிச் சரக்கேற்றிய நாளுக்கும் சரக்கிறக்கும் நாளுக்கும் இடையிலேயே விலை மாறுகிறது. 2017 சூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தபின், பேசிய வாடகைக்கும் ஆகும் செலவுக்கும் இருந்த தொடர்பே அறுந்தது. கடன் தவணைக்கோ ஏற்ற இறக்கம் இல்லை. அது மாதந்தோறும் வந்து வாயிலில் நிற்கும். 2018 சூலை 20 முதல் எட்டு நாள்கள் இந்தியா முழுவதும் சரக்குந்துகள் நின்றபோது இச்சமவெளியின் வண்டிகளும் நின்றன. தீசல் விலையைக் குறைக்க வேண்டும் என்பது அவ்வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று.

'விலையை முடிவு செய்வது உலகச் சந்தை. அரசுக்கு அதில் கையில்லை' என்பது தில்லி சொல்லும் விடை. கன்னெய் விலைக்கட்டுப்பாடு 2010 சூனிலும், தீசல் விலைக்கட்டுப்பாடு 2014 அத்தோபரிலும் நீக்கப்பட்டன. சட்டப்படி இவ்விடை பொருந்தும். ஆனால் நடப்பு வேறு. 2018-இல் கருநாடகத் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ மூன்று கிழமைகள் விலை அசையாமல் நின்றது. வாக்குப்பதிவு முடிந்ததும் ஏறியது. 2021-இல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் தேர்தல் முடிவு மே 2-ஆம் நாள் வந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் ஏறாதிருந்த விலை மே 4-ஆம் நாள் ஏறத் தொடங்கியது. 2021 நவம்பர் தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் உறங்கிய விலை, உத்தரப்பிரதேசம் முதலிய ஐந்து மாநில வாக்குகளை எண்ணி முடித்தபின், 2022 மார்ச்சு 22-இல் விழித்தது. உலகச் சந்தைக்கு இந்தியத் தேர்தல் நாட்குறிப்பு எப்படித் தெரிந்தது?

உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது என்ன நடந்தது என்பதையும் காண்க. 2014 ஏப்பிரலில் ஓர் இலிட்டர் கன்னெய்க்கு நடுவணரசின் ஆயத்தீர்வை 9 உருபா 48 காசு. தீசலுக்கு 3 உருபா 56 காசு. அவ்வாண்டின் நடுவில் நூறு தாலரைத் தாண்டியிருந்த பண்படா எண்ணெய் விலை, 2016 தொடக்கத்தில் முப்பது தாலருக்கும் கீழே விழுந்தது. இதனிடையே 2014 நவம்பர் முதல் 2016 சனவரி வரை ஒன்பது முறை தீர்வை கூட்டப்பட்டது. பின்னர்த் தொற்றுநோய்க் காலத்தில், 2020 ஏப்பிரலில், எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தது. இந்தியா வாங்கும் எண்ணெயின் விலை இருபது தாலர் அளவுக்கு இறங்கியது. ஊரடங்கில் வண்டிகள் நின்று, ஓட்டுநர் வீடுகளில் அடுப்பு நின்ற அந்நாள்களில், மே மாதம் 5-ஆம் நாள், ஒரே இரவில் கன்னெய்க்குப் பத்து உருபாவும் தீசலுக்குப் பதின்மூன்று உருபாவும் தீர்வை ஏற்றப்பட்டன. தீசலின் தீர்வை 31 உருபா 83 காசானது. ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு! உலக விலை ஏறினால் சுமை மக்களுக்கு. இறங்கினால் ஊதியம் கருவூலத்துக்கு. இதுவே 'சந்தை'யின் இலக்கணம்.

முந்தைய ஆட்சி எண்ணெய் நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்முறிகளின் சுமையே தீர்வையைக் குறைக்க விடாமல் தடுக்கிறது என்று 2021 ஆகத்தில் நடுவண் நிதியமைச்சர் கூறினார். அக்கடன்முறிகளின் மொத்தத் தொகை 1 இலக்கத்து 44 ஆயிரம் கோடி உருபா. 2020-21 என்னும் ஓராண்டில் மட்டும் கன்னெய், தீசல் தீர்வையாகத் தண்டப்பட்டதோ 3 இலக்கத்து 72 ஆயிரம் கோடி. ஐந்து மாத வருவாய்க்குள் அடங்கும் கடனைக் காட்டி ஆண்டாண்டாக வரி தண்டுவது, ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையே ஆகும்.

இனிப் பெயர்மாற்றச் சூழ்ச்சிக்கு வருவோர் இந்த ஒரு கணக்கை மனத்திற் பதித்தல் வேண்டும். நடுவணரசு தண்டும் வரிகளை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 270-ஆம் உறுப்பு. ஆனால் மேல்வரியும் மிகைவரியும் அப்பகிர்வுக்கு உட்படா என்று அதே உறுப்பு விலக்குகிறது. 'வரி' என்று தண்டினால் பங்கு கொடுத்தல் வேண்டும். 'மேல்வரி' என்று தண்டினால் பங்கு கொடுத்தல் வேண்டா. கொடுப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. அவன் பையிலிருந்து போவதும் அதே காசுதான். பெயர் ஒன்று மாறினால் பங்கு முழுவதும் மறைகிறது.

2018 பிப்பிரவரி வரவுசெலவுத் திட்டத்தில் என்ன செய்தனர்? ஓர் இலிட்டருக்கு அடிப்படைத் தீர்வையில் இரண்டு உருபா குறைத்தனர்; ஆறு உருபாவாக இருந்த கூடுதல் தீர்வையை நீக்கினர்; குறைத்ததும் நீக்கியதும் சேர்ந்து எட்டு உருபா. அந்த எட்டையும் 'சாலை, கட்டமைப்பு மேல்வரி' என்று புதுப்பெயர் சூட்டித் திரும்ப ஏற்றினர். விலை ஒரு காசும் மாறவில்லை. பங்கிடற்குரிய இரண்டு உருபா மட்டும் மாயமாயிற்று. 2021 பிப்பிரவரியில் அதே கைத்திறம் மறுபடி. தீசலின் அடிப்படைத் தீர்வை 4 உருபா 83 காசிலிருந்து 1 உருபா 80 காசாக்கப்பட்டது. சிறப்புக் கூடுதல் தீர்வையில் ஓர் உருபா குறைந்தது. 'வேளாண் கட்டமைப்பு மேல்வரி' என நான்கு உருபா புகுந்தது. மொத்தத்தில் குறைந்தது மூன்று காசு. பங்கிடற்குரிய பகுதியோ பாதிக்கும் கீழே போயிற்று.

ஒரு நடைக்கு ஆயிரம் இலிட்டர் தீசல் எரித்து வடபுலம் போய்வரும் சரக்குந்து ஒன்றை எடுத்துக்கொள்க. 2021-இல் அவ்வாயிரம் இலிட்டருக்கு நடுவணரசு தண்டிய தீர்வை 31,800 உருபா. அதில் சாலை மேல்வரி 18,000. சிறப்புக் கூடுதல் தீர்வை 8,000. வேளாண் மேல்வரி 4,000. இம்முப்பதாயிரத்தில் எந்த மாநிலத்துக்கும் பங்கில்லை. எஞ்சிய 1,800 உருபாவே பகிர்வுக்கு உரியது. பதினைந்தாம் நிதிக்குழு வகுத்தபடி அதில் 41 விழுக்காடு, அஃதாவது 738 உருபா, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதனுள் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. கணக்கிட்டால் வருவது முப்பது உருபா! முப்பத்தோராயிரத்து எண்ணூறில் முப்பது. வண்டி தமிழனது, கடன் தமிழனது, விழித்திருக்கும் கண் தமிழனது, தமிழ்நாட்டுக்குத் திரும்பும் பங்கு ஆயிரத்துக்கு ஓர் உருபாகூட இல்லை.

இது மிகைப்படுத்திய கணக்கோ என ஐயுறுவோர் நடுவணரசே நாடாளுமன்றத்தில் தந்த விடையைப் பார்க்கலாம். 2020-21-இல் கன்னெய், தீசல் தீர்வையாகத் தண்டப்பட்ட 3 இலக்கத்து 72 ஆயிரம் கோடியில், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பகிரப்பட்டது 19,972 கோடி என்று 2021 நவம்பரில் மாநிலங்களவையில் கூறப்பட்டது. நூற்றுக்கு ஐந்தரைக்கும் குறைவு. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழி இதற்காகவே பிறந்தது போலும்.

பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் தீர்வை ஓரளவு குறைக்கப்பட்டது உண்மையே. 2025 ஏப்பிரலில், உலகச் சந்தையில் விலை இறங்கிய வேளையில், மீண்டும் இரண்டு உருபா கூட்டப்பட்டதும் உண்மையே. கூட்டுவதும் குறைப்பதும் எண்களின் ஆட்டம். பகிராமல் வைத்துக்கொள்ளும் முறை மட்டும் அவ்வாட்டத்தில் அசையவில்லை.

இவ்வளவும் கூறியதால் தமிழ்நாட்டை ஆண்ட கட்சிகள் குற்றமற்றவை ஆகிவிடா. தில்லியைப் பழிக்கும் வாய்க்குத் தன் கையைப் பார்க்கும் கண்ணும் வேண்டும். 2017 மார்ச்சில் தமிழ்நாட்டரசு மதிப்புக் கூட்டு வரியைக் கன்னெய்க்கு 27-இலிருந்து 34 விழுக்காடாகவும், தீசலுக்கு 21.43-இலிருந்து 25 விழுக்காடாகவும் உயர்த்தியது. 2020 மே மாதத்தில், தில்லி தன் தீர்வையை ஏற்றிய அதே கிழமையில், தீசலுக்கு 11 விழுக்காடும் அதன்மேல் இலிட்டருக்கு 9 உருபா 62 காசும் என வரிமுறையை மாற்றி உயர்த்தியது. இவ்விழுக்காடும் நடுவண் தீர்வை சேர்ந்த விலையின்மேல் கணக்கிடப்படுவது. எனவே வரிக்கும் வரி. 2021-இன் விலையில் மேற்சொன்ன ஆயிரம் இலிட்டருக்கு மாநில அரசு பெற்றது ஏறத்தாழப் பதினெட்டாயிரம் உருபா.

அவ்வாண்டுத் தேர்தலில் கன்னெய்க்கு ஐந்து உருபாவும் தீசலுக்கு நான்கு உருபாவும் குறைப்போம் என்று வாக்களித்து ஆட்சிக்கு வந்தோர், ஆகத்து வரவுசெலவுத் திட்டத்தில் கன்னெய்க்கு மூன்று உருபா குறைத்தனர், தீசலைத் தொடவில்லை. இருசக்கர ஊர்தியில் அலுவலகம் போவோன் குடிமகன். நாமக்கல் சரக்குந்தின் ஓட்டுநர் குடிமகன் அல்லனோ? நவம்பரில் நடுவணரசு குறைத்தபோது கருநாடகமும் புதுச்சேரியும் தம் வரியையும் உடன் குறைத்தன, தமிழ்நாடு குறைக்கவில்லை. விளைவு என்ன? வடக்கே செல்லும் வண்டி ஒசூரைக் கடந்து கருநாடக எல்லைக்குள் தொட்டியை நிரப்பிக்கொள்கிறது. தமிழ்நாட்டுக்கு வரியும் இல்லை. தமிழ்நாட்டு நெய்க்கடைக்காரனுக்கு வணிகமும் இல்லை.

ஆயினும் இரு வரிகளுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. மாநில வரியை உயர்த்தியவனை ஐந்தாண்டில் ஒருமுறையேனும் தமிழன் தன் வாக்கால் கேட்க முடியும். அவ்வரி தமிழ்நாட்டுப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் செலவாகிறதா எனக் கணக்குக் கேட்க முடியும். தில்லியின் மேல்வரியை அவன் கேட்க முடியாது. தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது மக்களவை உறுப்பினரும் ஒன்றாக எழுந்து நின்றாலும் அங்கு ஒரு காசு குறையாது.

இங்குதான் சரக்குந்து உரிமையாளர் சிலரே விரும்பிக் கேட்கும் கோரிக்கை ஒன்றை ஆராய வேண்டியுள்ளது. 'எரிநெய்யையும் சரக்கு, பணி வரிக்குள் கொண்டு வருக. நாடெங்கும் ஒரே விலை ஆகும்' என்பது அக்கோரிக்கை. விலையால் நொந்தவர் அதனைக் கேட்பதில் வியப்பில்லை; செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் ஏந்து கிட்டும் என்னும் அவர் எதிர்பார்ப்பும் பொருளற்றதன்று. ஆனால் கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வரியை வகுக்கும் மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு நடுவணரசுக்கு உரியது. எஞ்சியதை எல்லா மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே தில்லி வேண்டாவென்றால் எதுவும் நடவாது. தமிழ்நாடு வேண்டாவென்றால் எதுவும் நில்லாது. மதுவும் எரிநெய்யும் ஒழிய, விற்பனை வரி விதிக்கும் உரிமையில் பெரும்பகுதியை மாநிலம் ஏற்கெனவே அம்மன்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. எஞ்சியதையும் வைத்துவிட்டு, தீசல் விலை ஏறும் நாளில் யாரிடம் போய் முறையிடுவது? இன்று இரண்டு உருபா குறையும் என்று நம்பி, என்றைக்கும் கேட்கும் உரிமையை விற்றல் அறிவுடைமை ஆகாது. குறைக்கச் சொல்ல வேண்டியது தில்லியின் மேல்வரியையும் சென்னையின் மிகுவரியையும். கைவிடச் சொல்ல வேண்டியது மாநில உரிமையை அன்று.

வரியில் மட்டுமோ இந்நிலை? எரிவளி செல்லும் நிலத்திலும் இதே கதைதான். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவளி கொண்டுசெல்ல, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டினகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களூடே குழாய் பதிக்க நடுவணரசின் கெயில் நிறுவனம் முனைந்தது. உழவர் எதிர்த்து எழுந்தனர். குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுமாறு 2013-இல் தமிழ்நாட்டரசு கூறியது. அவ்வாணையை அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் நீக்கியது. 2016 பிப்பிரவரியில் உச்சநீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. நீதிமன்றத்தைக் குறைகூறிப் பயனில்லை. சட்டம் அவ்வாறு உள்ளது. 1962-ஆம் ஆண்டின் நடுவண் குழாய்த்தடச் சட்டப்படி, நிலம் உழவன் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் தடத்தில் அவன் கிணறு வெட்டலாகாது, வீடு கட்டலாகாது, மரம் நடலாகாது. அதற்கு ஈடாக அச்சட்டம் வகுத்தது நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. தென்னையும் மரவள்ளியும் விளையும் மண்ணின்மேல், அம்மண்ணின் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் சொல் செல்லாது என்பதே அவ்வழக்கின் பொருள். 'வேளாண் கட்டமைப்பு' என்று பெயர் சொல்லி அதே உழவனின் வண்டியிலிருந்து நான்கு உருபா எடுத்துக்கொண்டதை இதனோடு சேர்த்து எண்ணுக.

மாநில உரிமைக் குரல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1969-இல் இராசமன்னார் குழு அமைக்கப்பட்டது. 1971-இல் அறிக்கை தந்தது. 1974-இல் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2000-த்தில் வந்த 80-ஆம் சட்டத்திருத்தம் நடுவண் வரிகள் எல்லாவற்றையும் பகிர்வுக்கு உரியனவாக்கியது. ஆனால் மேல்வரி என்னும் பின்கதவைத் திறந்தே வைத்தது. அக்கதவின் வழியாகவே இன்று செல்வம் போகிறது. 2025-இல் மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாட்டரசு மீண்டும் ஒரு குழுவை அமைத்தது. குழுக்கள் அமைவது நன்றே. ஆனால் அறிக்கை ஏட்டில் உறங்காதிருக்க வேண்டுமாயின், மக்கள் விழித்திருத்தல் வேண்டும்.

விழிப்பு கணக்கிலிருந்து தொடங்கட்டும். எரிநெய்க் கடையில் கொடுக்கும் சீட்டில் விலை மட்டும் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். நெய்யின் அடக்கவிலை எவ்வளவு, நடுவண் தீர்வை எவ்வளவு, அதிற் பகிரப்படாத மேல்வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு என்று தமிழில், தமிழ்ப் பெயரில், ஒவ்வொரு சீட்டிலும் அச்சிடப்படல் வேண்டும். தன் மொழியில் பெயர் அறியாத வரியை எவனும் கேள்வி கேட்பதில்லை. அடுத்து, மேல்வரிக்கும் மிகைவரிக்கும் ஓர் எல்லை கட்டி, அவ்வெல்லைக்கு மேற்பட்டதைப் பகிர்வுக்கு உட்படுத்தும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாட்டு உறுப்பினர் கட்சி வேறுபாடின்றிக் கோருதல் வேண்டும். தீசலின்மேல் உள்ள நிலைத்தொகை வரியைத் தமிழ்நாட்டரசு குறைத்துத் தன் கை தூய்மையைக் காட்டுதல் வேண்டும். குழாய்த்தடம் எதுவாயினும், அது செல்லும் ஊரின் ஒப்புதலும் மாநில அரசின் ஒப்புதலும் இன்றி விளைநிலத்துள் நுழையலாகாது என்னும் சட்டம் வேண்டும்.

இவை எட்டாக் கனிகள் அல்ல. நாமக்கல் வண்டிகள் எட்டு நாள் நின்றபோது சந்தைகளில் சரக்கு தேங்கியதை ஆட்சியாளர் அறிவர். விலையைக் குறை என்று மட்டும் கேட்டு நின்றவர்கள், பங்கைக் கொடு என்றும் உரிமையைத் திருப்பு என்றும் கேட்டு நிற்பார்களாயின், அக்குரலுக்கு வலிமை வேறாக இருக்கும். விலை குறைந்தால் அது ஒரு பருவத்துக்கு. உரிமை மீண்டால் அது வழிவழிக்கு. அடுத்த முறை மேடையில் ஒருவர் 'அவர்களே கரணியம்' என்று முழங்கும்போது, கீழே நிற்கும் ஓட்டுநர் ஒருவர் எழுந்து, 'முப்பத்தோராயிரத்து எண்ணூறில் முப்பது உருபா எப்படி ஆயிற்று?' என்று கேட்கட்டும். விடை சொல்ல வேண்டியவர் இரு மேடைகளிலும் இருக்கின்றனர்.